அக்கா பையன ஹாஸ்டல்ல பாக்கப் போறோம், முதல் விசிட்டிங் சண்டே, அனுபவம் உள்ளவங்க கொஞ்சம் வழி சொல்லுங்க

தாம்பரம்_மாமா:

எல்லாருக்கும் வணக்கம். எங்க அக்கா பையன் இந்த வருஷம் நாமக்கலுக்கும் ராசிபுரத்துக்கும் நடுவுல ஒரு ஹாஸ்டல் ஸ்கூல்ல பிளஸ் ஒன் சேந்திருக்கான், பயாலஜி குரூப். ஜூன்ல கொண்டுபோய் விட்டாங்க, முதல் நாப்பது நாள் யாரும் வராதீங்க, பையன் பழகட்டும்னு சொல்லிட்டதால இதுவரைக்கும் ஒருத்தரும் போகல. வர்ற ஆகஸ்ட் முதல் ஞாயிறுதான் முதல் விசிட்டிங். மச்சான் மஸ்கட்ல இருக்காரு, அக்கா தனியா போக பயப்படுது, அதனால நான், வொய்ஃப், ஏழு வயசுப் பொண்ணு மூணு பேரும் தாம்பரத்துலேந்து கிளம்புறோம், அக்காவும் அம்மாவும் திருவாரூர்லேந்து வந்து நாமக்கல்ல சேந்துக்குவாங்க. அம்மாவுக்கு 68 வயசு, முட்டி வலி இருக்கு, ஆனா பேரன பாக்காம இருக்க மாட்டேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறாங்க.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஹாஸ்டல் போன்லேந்து அஞ்சு நிமிஷம் பேச விடுவாங்க. முதல் ரெண்டு வாரம் அழுதான், கூட்டிட்டுப் போயிடுன்னு சொன்னான். இப்ப அழறதில்ல, ஆனா "ம்", "சாப்டேன்", "சரிம்மா வெக்கிறேன்" அவ்ளோதான். அவன் அழுதப்பகூட அக்கா இவ்ளோ பயப்படல, இப்ப இந்த "ம்" கேட்டுட்டு ராத்திரி தூங்க மாட்டேங்குது.

கேக்க வேண்டியது இதுதான். சனிக்கிழமை காலைல நாமக்கல் வந்துட்டா அன்னிக்கு ஃபுல்லா சும்மாதான் இருக்கணும், பொண்ணும் வொய்ஃபும் கொல்லிமலை போகலாம்ங்கறாங்க, அம்மாவ வெச்சிகிட்டு அது சரி வருமா. ரூம் கிடைக்குமா. சாப்பாடு என்ன கொண்டு போகலாம், திருவாரூர்ல சமைச்சு எடுத்துட்டு வந்தா கெட்டுப் போகாதா. எல்லாத்துக்கும் மேல, அவன்கிட்ட என்ன பேசறது, எப்படிப் பேச வெக்கிறது, அது எனக்கு சுத்தமா தெரியல. மாமான்னு பேரு, ஆனா வருஷத்துக்கு நாலு நாள்தான் அவனப் பாக்கறேன்.

ராசிபுரம்காரன்:

அண்ணா வணக்கம்ங்க. மொதல்ல கொல்லிமலைய விட்ருங்க. காரவள்ளிலிருந்து ஏறுனா 70 கொண்டை ஊசி வளைவு, பழக்கம் இல்லாதவங்களுக்குப் பாதி வளைவுலயே தலை சுத்தி வாந்தி வந்துரும், முட்டி வலி இருக்கற அம்மாவ வெச்சுட்டு ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரம் படிக்கு மேல இறங்கி ஏறறதெல்லாம் நடக்கற காரியம் இல்லைங்க. அதோட நீங்க வர்ற அந்த வாரம் ஆடிப் பதினெட்டுங்க, மலை மேல வல்வில் ஓரி விழா எடுப்பாங்க, ஊர்ப்பட்ட கூட்டம் வரும், வண்டி நகராது. அறப்பளீஸ்வரர் கோயில் அருமையான எடம், ஆனா அதுக்குன்னு இன்னொரு தடவ தனியா வாங்க.

சென்ட்ரல்ல ராத்திரி கிளம்பற பாலக்காடு எக்ஸ்பிரஸ் சேலம் வந்து நாமக்கல், கரூர் வழியாத்தான் போகும். நாமக்கல்ல விடியறதுக்கு முன்னாடியே எறக்கி விட்ரும், அலாரம் வெச்சுக்கங்க. அக்கா திருச்சி வந்துட்டா அங்கிருந்து முசிறி, தொட்டியம் வழியா நாமக்கல் பஸ் இருக்கு, ஒரு 85 கிலோமீட்டர். பஸ் இப்ப ஊருக்கு வெளிய முதலைப்பட்டி புது பஸ் ஸ்டாண்டுக்குத்தான் போகும், கோயில், கோட்டை, லாட்ஜ் எல்லாம் டவுனுக்குள்ள பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம், இது தெரியாம வயசானவங்கள அலைய விட்ராதீங்க. ரூம இன்னிக்கே போன் பண்ணி சொல்லி வைங்க. சுத்து வட்டாரத்துல இத்தன ஹாஸ்டல் ஸ்கூல் இருக்கு, விசிட்டிங் வாரத்துல எந்த லாட்ஜ்லயும் ரூம் இருக்காதுங்க, ஒரே ரூம்ல ரெண்டு குடும்பம் தங்கறத நானே பாத்திருக்கேன்.

சனிக்கிழமைக்கு டவுனே போதும். ஆஞ்சநேயர் 18 அடி, ஒரே கல்லு, தலைக்கு மேல கூரை கிடையாது, நரசிம்மர் சன்னதியப் பாத்து கை கூப்பிக்கிட்டு நிக்கறாரு. நரசிம்மர் மலையக் குடைஞ்ச கோயில்ல இருக்காரு, அதியமான் காலத்துக் குடைவரைன்னு சொல்லுவாங்க. அங்கயே நாமகிரித் தாயார் சன்னதி. கணித மேதை ராமானுஜத்துக்குக் குலதெய்வம் அந்தத் தாயார்தான், அவர் கனவுல கணக்கு சொல்லிக் குடுத்ததே தாயார்தான்னு அவரே சொன்னதா சொல்லுவாங்க. பையன் பேருக்கு ஒரு அர்ச்சனை பண்ணிட்டு, வடைமாலை பிரசாதம் கெடச்சா ரெண்டு வடை எடுத்து வைங்க, மிளகு போட்டு கெட்டியா தட்டுன வடை, மறுநாளும் கெடாது. கோட்டை மேல போகணும்னா காலைலயே ஏறிருங்க, பாறைல வெட்டுன படி, பத்து மணிக்கு மேல கால் வெக்க முடியாது. அம்மா கீழ கமலாலயக் குளத்துக்கிட்ட உக்காந்துக்கட்டும்.

ரெண்டு_புள்ளைங்க_அம்மா:

தம்பி, என் பொண்ணு அந்தப் பக்கம்தான் ரெண்டு வருஷம் ஹாஸ்டல்ல இருந்தா, அதனால தெரிஞ்சத சொல்றேன்.

சாப்பாடு விஷயத்துல எல்லாரும் பண்ற தப்பு, நாப்பது நாள் சாப்பிடாதத ஒரே நாள்ல ஊட்டி விடப் பாக்கறது. முதல் தடவ போனப்ப நான் மட்டன் பிரியாணி, சிக்கன் வறுவல், முட்டை, பால்கோவா எல்லாம் கொண்டு போனேன், அவளும் ஆசையா சாப்டா, ராத்திரி ஸ்டடில வயித்தப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா, மறுநாள் டெஸ்ட் எழுதல. அதுக்கப்புறம் ஒண்ணே ஒண்ணு, அவ கேட்டது மட்டும். திருவாரூர்லேந்து சமைச்சு எடுத்துட்டு வந்தா ஒன்றரை நாள் ஆயிடும் தம்பி, புளியோதரை மட்டும்தான் தாங்கும். தயிர்சாதம் வேணும்னா ஞாயித்துக்கிழமை காலைல நாமக்கல்லயே ஓட்டல்ல சாதம் வாங்கி, பாலும் கொஞ்சூண்டு தயிரும் விட்டு பாட்டி கையால பிசைஞ்சு எடுத்துட்டுப் போங்க, மதியத்துக்கு சரியா இருக்கும். ஊர்லேந்து மாவடு, பருப்புப் பொடி, வத்தல் கொண்டாங்க. விட்டுட்டு வர்ற தீனி எதுவா இருந்தாலும் மூடி இறுக்கமான எவர்சில்வர் டப்பால போடுங்க, பிளாஸ்டிக் கவர்ல வெச்சா ட்ரங்க் பெட்டிக்குள்ள எறும்பு, சில சமயம் எலியும் வரும். எத்தன நாளைக்கு வெச்சுக்கலாம்னு வார்டன்கிட்ட முதல்லயே கேட்டுக்கங்க, சில எடத்துல ராத்திரியே எடுத்துடுவாங்க.

இன்னொண்ணு, இத யாரும் சொல்ல மாட்டாங்க. அவன் கைய வாங்கிப் பாருங்க. விரல் இடுக்குல, மணிக்கட்டுல, அக்குள் பக்கம் சின்னச் சின்னதா பொரிப்பொரியா இருந்து ராத்திரில அரிப்பு அதிகமாகுதுன்னா அது சொறி, ஹாஸ்டல்ல ஒருத்தருக்கு வந்தா ரூம் முழுக்க வரும். வயசுப் பையன் வெக்கப்பட்டு வாயத் திறக்க மாட்டான். பொரி இருந்தா டாக்டர்கிட்ட காட்டி மருந்து வாங்கணும், ரூம்ல எல்லாருக்கும் சேத்து மருந்து போட்டாத்தான் போகும், பெட்ஷீட் துணியெல்லாம் சுடுதண்ணில அலசி வெயில்ல போடணும். என் பொண்ணு ஆறு வாரம் தூங்காம இருந்திருக்கா, நாங்க என்னடான்னா படிப்பு கஷ்டமா இருக்கு போலன்னு நெனச்சிட்டு இருந்தோம்.

நகவெட்டி, கொசுவலை, ரெண்டு செட் உள்ளாடை, துணில பேர் எழுத அழியாத மார்க்கர் எடுத்துட்டுப் போங்க. செருப்பு ஒரு ஜோடி கூட. கண்டிப்பா தொலைச்சிருப்பான்.

பேட்ச்_2013:

ப்ரோ நான் அந்த ஏரியால 2011 டு 2013 ஹாஸ்டல்ல இருந்தவன். அப்ப +2 மார்க் 1200க்கு, என்ட்ரன்ஸ் பரீட்சைய ரத்து பண்ணிட்டாங்க, கட் ஆஃப்ல அரை மார்க்குக்கு காலேஜே மாறும், அதனால பிளஸ் ஒன் பாடத்த தொடாமலேயே ரெண்டு வருஷமும் பிளஸ் டூ புக்கையே ஓட்டுனாங்க. காலைல அஞ்சு மணிக்கு பெல், ராத்திரி பத்தரை வரைக்கும் ஸ்டடி. இப்ப நீட் வந்து நெறைய மாறிடுச்சு, ஆனா ஞாயித்துக்கிழமை காலைல கேட் பக்கம் பாத்துக்கிட்டே நிக்கிறது மட்டும் மாறியிருக்காது.

பையன் பக்கத்துலேந்து சொல்றேன். விசிட்டிங் அன்னிக்கு நாங்க நாலு மணிக்கே எழுந்து குளிச்சு இருக்கறதுலயே நல்ல சட்டைய போட்டுகிட்டு வெராண்டால நிப்போம். மைக்ல ஒவ்வொரு பேரா கூப்பிடுவாங்க. பேர் வர்ற வரைக்கும் வயிறு என்னமோ பண்ணும். பதினோரு மணிக்கு மேல கூப்பிடாம மிச்சம் இருக்கறவங்க ஒவ்வொருத்தரா ரூமுக்குள்ள போய் புக்க விரிச்சுகிட்டு உக்காந்துருவாங்க, படிக்க மாட்டாங்க, சும்மா விரிச்சு வெச்சிருப்பாங்க. எங்கப்பா லாரி ஓட்டினாரு, ரெண்டு வருஷத்துல எனக்கு மூணு தடவதான் ஆள் வந்தது, மிச்ச நாளெல்லாம் நான் அந்த ரூம்லதான். என் ரூம்மேட்டோட அம்மா ஒரு தடவ என்னையும் கூப்பிடச் சொல்லி மரத்தடில பாய்ல உக்கார வெச்சு இலைல சாம்பார் சாதம் போட்டாங்க. அவங்க மொகம் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கு ப்ரோ. இப்பவும் தீபாவளிக்கு அவங்களுக்கு போன் பண்ணுவேன். அதனால ரெண்டு பேருக்கு சேத்து எடுத்துட்டுப் போங்க, உன் ரூம்ல யாருக்கு ஆள் வரலன்னு கேளுங்க, வார்டன் விட்டா அவனையும் கூப்பிடுங்க.

காலைல சீக்கிரம் போங்க, தயவு செஞ்சு. எட்டு மணிக்கு கேட் திறந்தா எட்டு மணிக்கு அங்க நில்லுங்க.

அப்புறம் அந்த "ம்" பத்தி. ஹாஸ்டல் போன்ல பேசறப்ப பின்னாடி இருவது பேர் லைன்ல நிப்பான், பக்கத்துல வார்டன் உக்காந்திருப்பாரு, அங்க எப்படி ப்ரோ மனசுல இருக்கறத சொல்லுவான். நேர்ல வந்தாலும் முதல் ஒரு மணி நேரம் சொல்ல மாட்டான். கேள்வி கேக்காதீங்க. பாட்டி தலைல எண்ணெய் வெச்சு விடட்டும், பொண்ணு அவன்கிட்ட வெளாடட்டும், தானா வரும். போறப்ப இன்லண்ட் லெட்டர் பத்து வாங்கி அட்ரஸ் எழுதியே குடுத்துட்டு வாங்க, ஒண்ணு ரெண்டரை ரூபாதான். போன்ல வராதது பேப்பர்ல வரும். எங்க பாட்டிக்கு எழுதத் தெரியாது, பக்கத்து வீட்டு அக்காகிட்ட சொல்லி எழுதி அனுப்பும், அத வெச்சுத்தான் ரெண்டு வருஷம் ஓட்டினேன்.

இயற்பியல்_வாத்தியார்:

ஐயா, பதினெட்டு வருஷமா மேல்நிலை வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன், அதுல எட்டு வருஷம் ஹாஸ்டல் ஸ்கூல்ல. ஒரே ஒரு கேள்வி. பையன் பத்தாவது வரைக்கும் எந்த மீடியம்?

தாம்பரம்_மாமா:

சார், ஊர்லயே எய்டட் ஸ்கூல்ல தமிழ் மீடியம். பத்தாவதுல நல்ல மார்க், அறிவியல்ல 98. இங்க இங்கிலீஷ் மீடியம்.

மத்த எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கொல்லிமலை கேன்சல். ரூம் சொல்லியாச்சு. பேட்ச் 2013 ப்ரோ, நீங்க எழுதினத அக்காவுக்குப் படிச்சுக் காட்டினேன், அப்புறம் ரொம்ப நேரம் போன்ல யாருமே பேசல.

இயற்பியல்_வாத்தியார்:

நெனச்சேன். அவன் படிக்காம இருக்க மாட்டான் ஐயா, அவனுக்குப் புரியாம இருக்கும். விசைன்னும் உந்தம்னும் முடுக்கம்னும் படிச்சுட்டு வந்த பையன், இங்க ஃபோர்ஸ், மொமென்டம், ஆக்சிலரேஷன்னு வரும்போது தனக்கு ஏற்கனவே தெரிஞ்ச விஷயம்தான் அதுன்னே தெரியாம உக்காந்திருப்பான். 98 வாங்கின பையன் பக்கத்துல கேக்கக் கூச்சப்படுவான். வாராவாரம் டெஸ்ட்ல மார்க் குறையும், தனக்கு மூளையே இல்லன்னு முடிவு பண்ணிருவான். என்கிட்ட வந்த புள்ளைங்கள்ல வருஷத்துக்கு ரெண்டு மூணு பேராவது இப்படி இருப்பாங்க. எல்லாருமே நல்லாப் படிக்கக்கூடிய புள்ளைங்க.

ஒரு வேலை பண்ணுங்க. தமிழ்நாடு பாடநூல் கழகம் போடற பதினோராம் வகுப்பு புத்தகம் ரெண்டு மீடியத்துலயும் ஒரே பாடம், ஒரே வரிசை. இயற்பியல், வேதியியல் தமிழ் மீடியம் புத்தகத்த வாங்கிக் குடுத்து, இங்கிலீஷ் புத்தகத்துக்குப் பக்கத்துல வெச்சு பத்தி பத்தியா படிக்கச் சொல்லுங்க. ஒரு நோட்டுல சொல் சொல்லா எழுதிக்கட்டும். காலாண்டு வரைக்கும் இப்படிப் பண்ணினா அப்புறம் அந்தத் தமிழ் புத்தகமே தேவைப்படாது. மார்க்க மட்டும் அன்னிக்குக் கேக்காதீங்க. வகுப்பு ஆசிரியர தனியாப் பாத்து விஷயத்தச் சொல்லுங்க, பையன் முன்னாடி வேண்டாம்.

கும்பகோணம்_சித்தி:

எல்லாரும் நல்லா சொல்லியிருக்கீங்க, நான் ஒண்ணு மட்டும் சேத்துக்கறேன். என் தங்கச்சி பையன் இதே மாதிரி அமைதியா ஆயிட்டான், பழகிட்டான்னு நெனச்சோம். அரையாண்டு லீவுக்கு வந்தப்ப பாத்தா ஒம்போது கிலோ எளைச்சிருந்தான், ரூம் லைட்ட அணைச்சா பயப்படறான். திருப்பி அனுப்பல. ஊர்லயே படிச்சான், இப்ப நல்லா இருக்கான். அதனால எப்படியாவது அங்க ஒட்ட வெச்சுட்டு வரணும்னு முடிவு பண்ணிகிட்டு போகாதீங்க. சாப்பிடறானா, தூங்கறானா, யாராவது அடிக்கிறாங்களா, சாகலாம் போல இருக்குன்னு எப்பவாவது தோணுச்சான்னு நேராவே கேளுங்க, கேக்கறதால அந்த எண்ணம் வந்துடாது. சந்தேகமா இருந்தா 14416க்கு போன் பண்ணுங்க, டெலி மானஸ்னு கவர்மென்ட் சேவை, காசு கிடையாது, தமிழ்லயே பேசுவாங்க, பெத்தவங்களும் பேசலாம்.

தாம்பரம்_மாமா:

போயிட்டு வந்துட்டோம். நேத்து ராத்திரி பஸ்ல திரும்பி இன்னிக்கு காலைலதான் வந்தோம், ஆபீஸ் லீவ் போட்டுட்டு உங்களுக்கு எழுதறேன்.

ஏழே முக்காலுக்கு கேட்ல நின்னோம், எங்களுக்கு முன்னாடியே ஒரு நூறு குடும்பம் நின்னுச்சு. அவன் இறங்கி வந்தான், சட்டை தோள்ல தொங்குது, குரல் உடைஞ்சிருக்கு, எனக்கு யாரோ வேற பையன் மாதிரி இருந்துச்சு. அக்கா கட்டிப் புடிச்சு அழுதுச்சு, அவன் அழல, "சரிம்மா சரிம்மா"ங்கறான். வேப்ப மரத்தடில இடம் புடிச்சு பெட்ஷீட் விரிச்சோம். நான் ஒரு கேள்வியும் கேக்கல, சொன்னபடியே இருந்தேன், ரொம்ப கஷ்டமா இருந்துச்சு. அம்மா அவன் தலைய மடில வெச்சு எண்ணெய் தேச்சாங்க, அக்கா கைய வாங்கி நகம் வெட்டுற மாதிரி விரல் இடுக்கெல்லாம் பாத்துச்சு, பொரி எதுவும் இல்ல. என் பொண்ணு அவன் கைல இருக்கற கொசுக்கடிய எண்ணிகிட்டே வந்தா, இருவத்தி மூணு வரைக்கும் எண்ணினா, அப்பத்தான் முதல் தடவ சிரிச்சான்.

தயிர்சாதத்த மூணு தடவ வாங்கி சாப்டான். மாவடு சாற இலைல வழிச்சு வழிச்சு சாப்டான். ரூம்ல தர்மபுரி பக்கத்துப் பையன் ஒருத்தன், அப்பா அம்மா ரெண்டு பேரும் திருப்பூர் பனியன் கம்பெனில வேலை, வர முடியல. வார்டன்கிட்ட கேட்டோம், விட்டாரு. அந்தப் பையன் முதல்ல வேணாம் வேணாம்னு சொல்லிட்டு, அம்மா இலை போட்டதும் தலைய குனிஞ்சுகிட்டு சாப்டான், நிமிரவே இல்ல. எழுந்து போறப்ப "பாட்டி நான் கழுவிட்டு வரேன்"னு எல்லா டப்பாவையும் எடுத்துட்டுப் போனான்.

சாப்டு முடிச்சு அக்காவும் வொய்ஃபும் கை கழுவப் போனப்பத்தான் பையன் வாயத் திறந்தான். "மாமா, எனக்கு ஒண்ணுமே புரியல மாமா. எல்லாரும் எழுதறாங்க, நானும் எழுதறேன், என்ன எழுதறேன்னு தெரியல." பிசிக்ஸ்ல 50க்கு 9 வாங்கியிருக்கான், அந்தப் பேப்பர நாலா மடிச்சு பேன்ட் பாக்கெட்லயே வெச்சிருந்தான், மடிப்புல கிழிஞ்சே போச்சு. வாத்தியார் சார், நீங்க சொன்னது அப்படியே வார்த்தைக்கு வார்த்தை. நான் அந்தப் பேப்பர்ல மொமென்டம்னு இருந்தத காட்டி "இதாண்டா உந்தம்"னேன். "தெரியும் மாமா, இப்பத் தெரியும், ரெண்டு வாரம் தெரியல"ன்னு சொல்லிட்டு அழ ஆரம்பிச்சான். நாப்பது நாள் அழுகையும் அப்பத்தான் வந்துச்சு. நான் ஒண்ணும் சொல்லல, முதுக மட்டும் தடவிக் குடுத்தேன்.

கும்பகோணம் சித்தி, நீங்க சொன்னத நேராவே கேட்டேன். ஊருக்கு ஓடிடலாம்னுதான் தோணுச்சாம், வேற எதுவும் இல்லன்னான், முகத்தப் பாத்தா நம்பற மாதிரி இருந்துச்சு. வேணாம்னா கூட்டிட்டுப் போயிடறோம்னு அக்காவும் சொல்லுச்சு. காலாண்டு வரைக்கும் பாக்கறேன்மான்னு அவனே சொன்னான். காலாண்டு லீவுக்கு நானே போய்க் கூட்டிட்டு வரேன்னு சொல்லியிருக்கேன், அப்ப அவன் என்ன சொல்றானோ அதுதான். கிளாஸ் டீச்சரையும் தனியாப் பாத்தோம், நல்ல மனுஷன், சாயங்கால ஸ்டடில அரை மணி நேரம் பக்கத்துல உக்கார வெச்சு சொல்லித் தரேன்னாரு.

இன்னிக்கு தமிழ் மீடியம் இயற்பியல், வேதியியல் ரெண்டு தொகுதியும் வாங்கிட்டேன், நாளைக்கு ஸ்பீட் போஸ்ட். அந்த தர்மபுரிப் பையனும் தமிழ் மீடியம்தானாம், அவனுக்கும் ஒரு செட்டு. பொண்ணு இயற்பியல் முதல் தொகுதிக்குள்ள ஒரு பேப்பர மடிச்சு வெச்சிருக்கா, பிரிச்சுப் பாக்கக்கூடாதுன்னு சொல்லிட்டா. பார்சல ஒட்டும்போது பக்கத்துலயே நின்னுகிட்டிருந்தா.